பேரேட்டைப் பூட்டி வைக்கலாமா?

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே தமிழ்நாட்டின் சிறு தொழிற்சாலைகளிலும், ஜவுளிக் கடைகளிலும், அச்சுக்கூடங்களிலும் ஒரு வழக்கு ஆரம்பமாகிவிடுகிறது. வாதி சிப்பந்திகள், பிரதிவாதி முதலாளி. "இந்த வருஷம் வேலை மும்முரமாக நடந்தது, ராத்திரி பகலாக உழைத்தோம், இரண்டு மாதச் சம்பளம் போனஸாக வேண்டும்" என்பது பிராது. "வேலை நடந்தது வாஸ்தவம், பணம் வரவில்லை, கையில் காசில்லை" என்பது பதில். இருதரப்பாரும் பொய் சொல்வதாக இருதரப்பாரும் நம்புகிறார்கள். உண்மையை அறிவிக்கக்கூடிய ஆவணம் ஒன்றே ஒன்று உண்டு. அதுதான் பேரேடு. அது முதலாளியின் மேஜையிலோ, இக்காலத்து வழக்கப்படி அவருடைய கம்ப்யூட்டரிலோ பத்திரமாகப் பூட்டப்பட்டிருக்கிறது. நீதிமன்றங்களில் பல வருஷம் நின்று பழகிய நமக்கு, ஆவணத்தை ஆஜர் செய்யாமலே தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வழக்கு வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

பெரிய ஆலைகளின் விஷயம் வேறு. போனஸ் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று 1965-ம் வருஷத்துச் சட்டம் வரையறுத்தது. 2019-ம் வருஷத்து ஊதியச் சட்டத் தொகுப்பும் அந்த அளவுகளையே வைத்துக்கொண்டது. ஆனால் இருபது பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு அந்தச் சட்டம் எட்டுவதில்லை. அங்கே முதலாளியின் மனநிலையே சட்டம். கொடுத்தால் தர்மம், மறுத்தால் கஞ்சத்தனம். இரண்டிலும் கணக்குக்கு இடமில்லை. பண்டிகை முடிந்ததும் சண்டை அடங்கிவிடுகிறது. மனக்கசப்பு மாத்திரம் அடங்குவதில்லை. நல்ல தொழிலாளி ஒருவன் தை மாதத்தில் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுகிறான். அவன் ஏன் போனான் என்று முதலாளிக்கு விளங்குவதில்லை.

நாம் இன்று பேசவந்தது போனஸைப் பற்றி அன்று. அதற்கு அடியிலிருக்கும் அறியாமையைப் பற்றி. அந்த அறியாமை தொழிலாளியிடம் மட்டும் இருப்பதாக நண்பர்கள் எண்ண வேண்டாம்.

உதாரணத்துக்குக் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பம்பு உறுப்புகள் செய்யும் லேத்துப் பட்டறை ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வோம். பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். உருப்படி ஒன்றுக்கு விலை 100 ரூபாய். நூறு உருப்படி செய்து கொடுத்தால் 10,000 ரூபாய் வரவேண்டும். இரும்பும் மற்றச் சாமான்களும் 5,500, கூலி 2,300, வாடகை, மின்சாரம், தேய்மானம், பழைய கடனுக்கு வட்டி எல்லாம் சேர்ந்து 1,400, ஆக 9,200 செலவு. மிச்சம் 800. இது சாதாரணமான லாபம், பேராசைக்காரனின் லாபமன்று. இப்போது லேத்து ஓட்டுகிறவர் நூற்றில் நான்கு உருப்படிகளை அளவு பிசகிக் கழித்துவிடுகிறார். நூற்றுக்கு நான்குதானே என்கிறார். வரவு 9,600 ஆகிறது, செலவு குறையவில்லை. லாபம் 400. நான்கு உருப்படி போய், லாபத்தில் பாதி போயிற்று. விற்பனைக்குப் போகும் பையன், பழைய வாடிக்கைக்காரர் முகத்தை முறிக்கக்கூடாதென்று, நூற்றுக்கு இரண்டு ரூபாய் தள்ளுபடி கொடுத்துவிட்டு வருகிறான். வரவு 9,408. லாபம் 208. கணக்கு எழுதும் குமாஸ்தா வசூலுக்கு நெருக்கிக் கேட்கக் கூசி, பணம் மூன்று மாதம் கழித்து வருகிறது. அதுவரை பாங்கியில் வாங்கிய பணத்துக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் வட்டி 282. பார்த்தால், 800 ரூபாய் லாபம் வரவேண்டிய இடத்தில் 74 ரூபாய் நஷ்டம்.

இந்த மூவரில் சோம்பேறி ஒருவருமில்லை, திருடன் ஒருவனுமில்லை. தத்தம் வேலையை நன்றாகவே செய்ததாக மூவரும் மனப்பூர்வமாக நம்புகிறார்கள். லேத்துக்காரருக்குத் தம் நான்கு உருப்படியின் விலை தெரியாது. விற்பனைப் பையனுக்குத் தன் இரண்டு ரூபாய், விலையிலிருந்தல்ல, லாபத்திலிருந்து போகிறதென்று தெரியாது. குமாஸ்தாவுக்குத் தாமதத்தின் வட்டி தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான், அவர் முதலாளி. அவரும் மாதக் கடைசியில், பாங்கி இருப்பைப் பார்த்துவிட்டு, காரணம் சொல்லாமல் எல்லார்மேலும் எரிந்து விழுகிறார். "ஐயாவுக்கு இன்றைக்கு மனசு சரியில்லை" என்று பட்டறையில் பேசிக்கொள்கிறார்கள். கணக்கு கோபமாக மாறிவிடுகிறது. கோபத்திலிருந்து எவனும் கணக்குக் கற்றுக்கொண்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இது மேல்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து நாம் புதிதாக இரவல் வாங்கவேண்டிய வித்தையென்று சிலர் நினைக்கிறார்கள். நம் செட்டிநாட்டை அவர்கள் மறந்துவிட்டார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையன் என்று ஒரு பதவி உண்டு. பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவனைக் கைப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். அவன் கூப்பிட்ட குரலுக்கு ஓடுவான்; மை கரைப்பான்; கடிதங்களைக் கொண்டு கொடுப்பான். அதற்கிடையில் யார் வந்தார், எவ்வளவு கேட்டார், மேலாள் எதை விசாரித்தார், எதற்காக இல்லையென்றார் என்பதெல்லாம் அவன் காதில் விழுந்துகொண்டேயிருக்கும். பிறகு குறிப்பேடு எழுதுவான்; பேரேட்டில் பதிவான்; வட்டியை வாயாலேயே கணக்கிடப் பழகுவான். அடுத்தாள் ஆவான். திறமையிருந்தால் மேலாளாகி, மூன்று வருஷத் தவணையில் கடல் கடந்த ஊரில் முதலாளியின் பணம் முழுவதற்கும் பொறுப்பேற்று உட்காருவான். சம்பளத்தோடு லாபத்திலும் அவனுக்குப் பங்கு உண்டு. தவணை முடிந்ததும் கணக்கை முடித்து ஐந்தொகை எடுத்து, அடுத்து வந்தவரிடம் கடையை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவான். முதலாளி ஆயிரம் மைலுக்கு அப்பால் காரைக்குடிப் பக்கத்திலிருப்பார். தந்தியும் கடிதமும் தவிர வேறு வழியில்லாத காலத்தில் அவ்வளவு தூரத்திலிருந்து அவ்வளவு பெரிய தொழில் எப்படி நடந்தது? கணக்கு ஒருவர் தலைக்குள் இராமல் கடையிலிருந்த எல்லாருடைய கையிலும் பழகியதனால்தான் நடந்தது என்பது நம் கருத்து.

அந்த ஏற்பாட்டைப் புகழும்போது அதன் குறையையும் சொல்லத்தான் வேண்டும். பெட்டியடிப் பையனாக உட்கார வேண்டுமானால் பெரும்பாலும் அந்த ஜாதியில் பிறந்திருக்க வேண்டும். பர்மியக் குடியானவன் தன் கடன்பத்திரத்தின் வட்டியைப் படிக்கத் தெரியாமலே நிலத்தை இழந்தான். வித்தை பெட்டிக்கு ஒரு பக்கத்தில் மாத்திரம் இருந்தது. நாம் இன்று கேட்பது அந்த வித்தை ஜாதி வேலியைத் தாண்டிப் பட்டறைக்குள்ளும் கடைக்குள்ளும் வரவேண்டும் என்பதே.

கணக்கைக் கொண்டு சண்டையைத் தீர்க்கும் முறைக்கு நம் தேசிய இயக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1918-ம் வருஷம் ஆமதாபாத் மில் தொழிலாளர்கள் கூலியில் நூற்றுக்கு 50 உயர்வு கேட்டார்கள். மில் முதலாளிகள் 20-க்கு மேல் மறுத்தார்கள். காந்தியடிகள் தொழிலாளர் பக்கம் நின்றார். ஆனால் 50 என்று கோஷம் போடவில்லை. பம்பாய் மில்களின் கூலியையும் விலைவாசியையும் விசாரித்து, 35 என்று ஒரு எண்ணுக்கு வந்தார். தம் பக்கத்தாரையே அந்த எண்ணுக்கு இறங்கி வரச் செய்தார். பிறகு அந்த எண்ணுக்காக உண்ணாவிரதமிருந்தார். கடைசியில் மத்தியஸ்தர் ஆனந்தசங்கர் துருவா வழங்கிய தீர்ப்பும் 35 தான். உண்ணாவிரதத்தை நம் மேடைகளில் ஆயிரம் தடவை பேசிவிட்டோம். அதற்கு முந்திய விசாரணையை எத்தனை பேர் பேசினோம்? 1894-ல் தோன்றிய நேட்டால் இந்தியர் காங்கிரஸின் காரியதரிசியாக அவர் இருந்தபோது, வாங்கிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கொடுத்துச் சில்லறைச் செலவுக்கும் கணக்கு வைத்தார். ஒழுங்கான கணக்கில்லாமல் உண்மையைக் காப்பாற்ற முடியாது என்பது அவர் தம் சரித்திரத்தில் எழுதிவைத்த அபிப்பிராயம். பொதுப்பணத்துக்கு அவர் சொன்னது கடைப்பணத்துக்கும் பொருந்தும்.

இனி, கடல் கடந்த ஓர் உதாரணம். அமெரிக்காவின் மிஸ்ஸோரி மாகாணத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், பழைய எஞ்சின்களைப் பிரித்துப் புதுப்பிக்கும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் உடைமைக்காரரான இன்டர்நாஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி நொடித்துக்கொண்டிருந்தது. 1983-ல் தொழிற்சாலையின் தலைமை நிர்வாகியான ஜாக் ஸ்டாக்கும் அவருடன் மானேஜர்களாயிருந்த பன்னிருவரும் சேர்ந்து அதை வாங்கினார்கள். அவர்கள் கையிலிருந்து போட்ட பணம் 1 லக்ஷம் டாலர். வாங்கிய கடன் 89 லக்ஷம் டாலர். ஒரு ரூபாய் முதலுக்கு 89 ரூபாய் கடன் என்றால் அது வியாபாரமா, சூதாட்டமா என்று நம் வாசகர்கள் கேட்பார்கள். ஒரு மாதத் தவணை தவறினால் பாங்கி கதவை அடைத்துவிடும். அந்த நிலையில் ஸ்டாக் செய்தது விசித்திரமான காரியம். கணக்கை எடுத்துத் தொழிலாளர் முன் வைத்தார். லாப நஷ்டக் கணக்கென்றால் என்ன, ஐந்தொகை என்றால் என்ன, லாபமிருந்தும் கையில் பணமில்லாமற் போவது எப்படி என்று எஞ்சின் துடைப்பவர் வரை எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். வாரந்தோறும் கூட்டம் கூடும். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒருவர் தம் பகுதியின் எண்ணைத் தாமே சொல்வார். போனஸ் அந்த எண்களோடு கட்டப்பட்டது. கம்பெனியின் பங்குகளிலும் தொழிலாளர்க்குப் பாத்தியதை ஏற்பட்டது.

1986-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 5,000 எஞ்சின்களுக்கான ஆர்டரை ரத்து செய்தது. வரும் வருஷத்து வேலையில் பெரும்பகுதி போயிற்று. நூறு பேர் வரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று காகிதக் கணக்கு காட்டிற்று. ரகசியமாக ஜாபிதா எழுதி வெள்ளிக்கிழமை மாலை வாசிப்பதே உலக வழக்கம். இவர்கள் கணக்கைத் தொழிலாளரிடமே கொண்டு போனார்கள். ஆட்களை நிறுத்தாமல் சமாளிக்க வேண்டுமானால் இன்ன அளவு புதிய வேலை வேண்டும், அதைச் சீக்கிரம் கற்றுக்கொண்டு செய்ய வேண்டும், தவறினால் எல்லாரும் சேர்ந்து மூழ்குவோம் என்று சொன்னார்கள். பழகிய வேலையை விட்டுப் புதிய உருப்படிகளைத் தேடிச் செய்தார்கள். ஒருவரும் நீக்கப்படவில்லை. கணக்குத் தெரியாத ஆட்களிடம் அப்படி ஒரு கேள்வியைப் போட்டிருந்தால் மறுநாளே பாதிப்பேர் வேறு வேலை தேடியிருப்பார்கள். ஸ்டாக் இதையெல்லாம் 1992-ல் ஒரு புஸ்தகமாகவே எழுதினார். தொழிலை ஒரு விளையாட்டென்று அவர் வர்ணிப்பது நமக்கு அவ்வளவாக ரசிக்கவில்லை. கூலிக்காரன் வீட்டு அடுப்பு விளையாட்டன்று. விதியும் தெரியாமல், எண்ணிக்கையும் தெரியாமல் ஒருவனை ஆடச் சொல்வது அநியாயம் என்ற அவருடைய கருத்தை மட்டும் மறுக்க முடியவில்லை.

மிஸ்ஸோரிக்குப் போக வசதியில்லாதவர்கள் தம் வீட்டுத் திண்ணையைப் பார்க்கலாம். 1989-ல் தர்மபுரி ஜில்லாவில் ஆரம்பமான மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டத்தில் என்ன நடக்கிறது? பத்திலிருந்து இருபது பெண்கள் வட்டமாக உட்காருகிறார்கள். சேமிப்பு எவ்வளவு, கடன் யாருக்கு, தவணை யார் கட்டவில்லை என்று எல்லார் முன்னிலையிலும் வாசிக்கப்படுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணும் தன் குழுவின் பாக்கியை நுனிநாக்கில் வைத்திருக்கிறாள். ஊராட்சித் தேர்தல்களில் துணிந்து நின்ற பெண்களில் எத்தனை பேர் முதன்முதலாக நாலு பேர் முன்னிலையில் வாய் திறந்து பேசியது இந்தக் குழுக் கூட்டங்களில் என்று விசாரித்துப் பாருங்கள். அரசியல் மேடைகளில் பேசிப் பழகிய ஆண்களாகிய நாம், நம் சங்கத்தின் வரவு செலவை வாசிக்கச் சொன்னால் பொக்கிஷதாரின் முகத்தைப் பார்க்கிறோம்.

பிறருக்கு உபதேசம் செய்யும் பத்திரிகை தன் வீட்டில் என்ன செய்தது என்று கேட்பது நியாயம். சொல்லிவிடுகிறோம்.

சென்ற வருஷத்துக்கு முந்திய வருஷம் நம் அச்சுக்கூடத்திலும் அதே தீபாவளி வழக்கு நடந்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் வேலை செய்கிறார்கள். சட்டம் விதித்த குறைந்த அளவுக்குமேல் கொடுக்க வழியில்லை என்றோம். மெஷின் பகுதியில் மூத்தவர் ஒருவர், நம் தகப்பனார் காலத்திலிருந்து இருப்பவர், கையைக் கட்டிக்கொண்டு நின்று, "ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் கோர்ட்டில் இப்படி வாயால் சொன்னால் ஜட்ஜ் ஒத்துக்கொள்வாரா?" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் நெஞ்சில் தைத்தது. பிறருடைய கணக்குப் புஸ்தகங்களைக் கூண்டில் வைத்துக் குறுக்கு விசாரணை செய்து பிழைத்த நாம், நம் புஸ்தகத்தைக் காட்டச் சொன்னபோது வாயடைத்துப் போனோம்.

அடுத்த தை மாதம் முதல் திங்கட்கிழமைதோறும் காலையில் அரைமணி நேரம் எல்லாரும் கூடுவதென்று ஏற்பாடாயிற்று. முதல் மாதம் பெருந்தோல்வி. நாம் நீளமான பிரசங்கம் செய்தோம். அவர்கள் மரியாதையாகத் தூங்கினார்கள். கற்றவர்களுக்கு உரிய குற்றம் அது. பிறகு பிரசங்கத்தை நிறுத்தி, ஒரு கரும்பலகையில் நான்கே வரிகள் எழுதினோம்: அச்சான பிரதிகள், திரும்பி வந்த பிரதிகள், ஏஜெண்டுகளிடமிருந்து வரவேண்டிய பாக்கி, மை சீராகும்வரை ஓடிக் கழிந்த தாள். ஒவ்வொரு வரியையும் அந்த வேலையில் இருப்பவரே எழுத வேண்டும். அவரே வாசிக்க வேண்டும். பார்சல் கட்டும் பையன் மூன்றாம் வாரம் எழுந்து, இன்ன ஊருக்கு நாள்தோறும் அனுப்பும் கட்டில் பாதி திரும்பி வருகிறது, அது தனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும் என்றான். ஏனடா சொல்லவில்லை என்றோம். "யாரும் கேட்கவில்லைங்க" என்றான். காகிதமும் அச்சும் போக்குவரத்தும் வீணாகி இரண்டு வருஷம் போயிருக்கிறது. தெரிந்தவனுக்கு அதன் விலை தெரியாது. விலை தெரிந்த நமக்கு விஷயம் தெரியாது.

கழிவுத் தாளின் வரி குறைய ஆரம்பித்தது. மெஷின்காரர்கள் தமக்குள்ளேயே போட்டியிட்டுக்கொண்டார்கள். பாக்கி வரி மாத்திரம் குறையவில்லை. அது இன்றைக்கும் நம் தலைவலி. விளம்பரப் பாக்கிக்கு வேண்டியவர் வேண்டாதவர் பார்த்து நாமே இடங்கொடுத்து வந்திருக்கிறோம் என்பது கரும்பலகையில் எழுதியபின்தான் நமக்கே உறைத்தது.

எதிர்வாதங்கள் பல உண்டு. கணக்கு வெளியே போய்ப் போட்டிக்காரன் காதில் விழும் என்கிறார்கள். போட்டிக்காரனும் அதே இரும்பை அதே விலைக்கு வாங்குகிறான். அவனுக்கு நம் கணக்கு முக்கால்வாசி ஏற்கெனவே தெரியும். தெரியாதிருப்பவர்கள் நம்மிடம் வேலை செய்பவர்கள்தாம். அவரவர் சம்பளம் வெளியானால் பொறாமை வளரும் என்கிறார்கள். இதில் உண்மையுண்டு, ஆகையால் சம்பளத்தை மொத்தமாக ஒரே வரியில் காட்டினால் போதும். லாபம் தெரிந்தால் அதிகம் கேட்பார்கள் என்கிறார்கள். தெரியாதபோது அதைவிட அதிகமாகவே கேட்கிறார்கள். எண்ணிப் பார்க்காதவன் கண்ணுக்கு விற்பனை முழுவதும் லாபமாகவே தோன்றும். 10,000 ரூபாய் விற்றதில் 800 மிஞ்சுகிறது என்பதை அறியாத தொழிலாளி, பாதியாவது மிஞ்சும் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பான். ரகசியமே வியாபாரத்தின் கௌரவம் என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனியைப்போல் கௌரவமான வீடு வேறில்லை. 1906 அக்டோபரில் அது இடிந்து விழுந்த நாள்வரை, பணம் போட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்றுக்கும் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. லண்டனிலிருந்த பங்காளி சூதாட்ட வியாபாரத்தில் பணத்தைத் தொலைத்திருந்தார். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். ஜனங்களின் பணம் திரும்பவில்லை. அந்த இடிபாட்டிலிருந்துதான் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயன்று 1907-ல் இந்தியன் பாங்கியைக் கட்டினார்கள்.

உண்மையான தடை இந்த வாதங்கள் ஒன்றிலுமில்லை. தொழிலாளிக்குக் கணக்கு விளங்காது என்று முதலாளி பயப்படுவதில்லை. விளங்கிவிடும் என்றுதான் பயப்படுகிறார். அவர் வீட்டு மளிகை கடைக்கணக்கில் இருக்கும். மகளின் கல்யாணத்துக்குப் போன பணம் "இதர செலவு" என்ற தலைப்பில் உறங்கும். சிறு தொழில்களில் கடைப்பெட்டியும் வீட்டுப்பெட்டியும் ஒன்றாயிருப்பதே பெரிய வியாதி. கணக்கைத் திறந்து வைப்பதன் முதற்பயன் தொழிலாளிக்கன்று, முதலாளிக்கே. பிறர் பார்ப்பார்கள் என்று தெரிந்த அன்றே அவர் இரண்டு பெட்டிகளையும் பிரிக்க ஆரம்பிக்கிறார். நாமும் அப்படித்தான் ஆரம்பித்தோம்.

தலைமை என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. சிதம்பரம் பிள்ளையவர்கள் 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்து, 25 ரூபாய்ப் பங்குகள் 40,000 என்று 10 லக்ஷம் ரூபாய் மூலதனம் வகுத்து, காலியா, லாவோ என்ற கப்பல்களைக் கொண்டுவந்ததை அறியாத தமிழரில்லை. 1908-ல் அவரைச் சிறையிலிட்டார்கள். 1911-ல் கம்பெனி கலைந்தது. அதற்குக் காரணம் அன்னியச் சர்க்காரின் அடக்குமுறையும், வெள்ளைக் கம்பெனி நடத்திய கட்டணப் போருமே என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் இன்று சர்க்கார் யாரையும் பிடித்துப் போகாமலே, முதலாளி படுத்துக்கொண்டால் மூன்றாம் மாதம் மூடப்படும் கடைகளை நாம் ஊருக்கு ஊர் பார்க்கிறோம். கடன்காரர் யார், பாக்கிக்காரர் யார், எந்தச் சரக்கில் லாபம் என்பதெல்லாம் அவர் தலையிலேயே இருந்தது. இருபது வருஷம் கூட இருந்தவர்கள் உத்தரவுக்குக் காத்திருக்கப் பழகினார்களேயொழியத் தீர்மானம் செய்யப் பழகவில்லை. கூட்டத்தில் பேசச் சொல்லிக் கொடுப்பதும், உத்தரவு போடப் பழக்குவதும் தலைமைப் பயிற்சி என்று எண்ணுகிறார்கள். ஒரு வரியின் எண்ணுக்குப் பொறுப்பேற்று, அது ஏன் கெட்டதென்று பத்துப்பேர் முன் சொல்லி, அடுத்த வாரம் என்ன செய்யப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றியோ தவறியோ மறுபடி எழுந்து நிற்கிறானே, அவனிடம் தலைமை தானாக வளர்கிறது. நம் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு இப்போது முறைவைத்து ஒவ்வொருவர் தலைமை வகிக்கிறார்கள். நாம் பின்வரிசையில் உட்காருகிறோம். முதலில் அது கஷ்டமாகத்தான் இருந்தது.

தொழிற்சங்கங்களில் உழைக்கும் நம் நண்பர்களுக்கும், வர்த்தக சங்கங்களை நடத்துவோர்க்கும் இது சொந்த வேலை. சட்டம் கொடுத்திருக்கும் ஆயுதமே கணக்குத் தெரியாததால் துருப்பிடிக்கிறது. சிறு தொழில்கள் பற்றிய 2006-ம் வருஷத்துச் சட்டப்படி, பதிவு பெற்ற சிறு தொழிலிடம் சரக்கு வாங்கியவர், என்ன ஒப்பந்தம் எழுதியிருந்தாலும், 45 நாளைக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது. நிறுத்தினால் ரிசர்வ் பாங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதத்துக்கு மாதம் கூட்டு வட்டியாகக் கொடுக்க வேண்டும். இதற்கென்று விசாரணைக் கவுன்சில்களும் உண்டு. பெரிய வாடிக்கைக்காரரைப் பகைக்க அஞ்சி முதலாளி அந்த வாயிலை மிதிப்பதில்லை; எத்தனை நாள் பாக்கியென்று அவருடைய குமாஸ்தாவுக்குத் தேதிவாரியாகச் சொல்லத் தெரிவதுமில்லை. லேத்துக்காரருக்குக் கூலி தாமதமாவது ஏனென்று லேத்துக்காரருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் கோபம் போய்ச்சேர வேண்டிய விலாசத்துக்குப் போயிருக்கும். ஒவ்வொரு ஊரிலும் வாரம் ஒரு மாலை, வர்த்தக சங்கக் கட்டடத்தில், கடைச் சிப்பந்திகளுக்கும் பட்டறை ஆட்களுக்கும் பேரேடும் ஐந்தொகையும் படிக்கச் சொல்லிக் கொடுக்க என்ன செலவாகிவிடும்? ஓய்வுபெற்ற கணக்கர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். ஒரு கரும்பலகை போதும்.

நம் விஷயத்துக்கு வருவோம். சென்ற திங்கட்கிழமை தலைமை வகித்தவர் அந்த மெஷின்காரப் பெரியவரே. நான்கு வரிகளும் வாசித்தாயின. பிறகு அவர் கணக்கின் அடியிலிருந்த ஒரு வரியில் விரலை வைத்து, "ஆசிரியர் மோட்டார் செலவு என்று இருக்கிறதே, அதில் பத்திரிகை வேலைக்கு ஓடினது எவ்வளவு, வீட்டு வேலைக்கு ஓடினது எவ்வளவு?" என்றார். பதில் சொல்ல நம்மிடம் கணக்கில்லை. அடுத்த திங்கட்கிழமைக்குத் தவணை கேட்டோம், கொடுத்திருக்கிறார்.